கோவிந்தம்மா பேனருக்கு வந்த திருத்தங்கள்

வடசென்னைக் கல்மண்டபத்தில் ஒருவர் செத்துவிட்டார் என்று டாக்டர் சொன்னால் மட்டும் போதாது. தவ்ஃபீக் பேனர் அடிக்க வேண்டும். ஆஸ்பத்திரியில் தருகிற காகிதம் சர்க்காருக்கு. தெருமுனையில் கட்டுகிற பேனர்தான் ஊருக்கு. போட்டோவில் இருப்பது யார், வீடு எங்கே, எத்தனை மணிக்கு எடுக்கிறார்கள் என்று பார்த்துவிட்டுத்தான் ஜனங்கள் மாலை வாங்கக் கிளம்புவார்கள். பேனர் கட்டாமல் எடுத்துவிட்டால், "இன்னாது, பூட்டாரா? எங்களுக்கு ஒரு வார்த்த சொல்லலியே" என்று வருஷம் திரும்பிய பிறகும் சண்டைக்கு வருவார்கள்.

தவ்ஃபீக் டிஜிட்டல்ஸ் கடையில் கம்ப்யூட்டர் அவன் மனைவி நவ்ரீனுடையது, வாசகம் தவ்ஃபீக்குடையது. சாவுக்கென்று அவனிடம் ஒரே வாசகம்தான் இருந்தது. "இமயம் சரிந்ததே! பாசத்தின் சிகரமே! ஏழைகளின் விடிவெள்ளியே! எங்கே சென்றாய் எங்களைத் தவிக்கவிட்டு?" நவ்ரீன் போட்டோவை மாற்றுவாள், பெயரை மாற்றுவாள், நேரத்தை மாற்றுவாள். இமயம் வருஷம் முழுக்கச் சரிந்துகொண்டிருந்தது. யாரும் குறை சொன்னதில்லை. செத்தவர்கள் சொல்ல முடியாது, இருந்தவர்களுக்கு அழவே நேரம் சரியாக இருந்தது.

குறை சொன்னது கோவிந்தம்மா. ஐம்பத்தைந்தைத் தாண்டிய மீன்காரி. விடிகாலையில் துறைமுகத்தில் ஏலம் எடுத்து, ஒரு நாள் காத்திவாக்கம், ஒரு நாள் எம்.கே.பி. நகர் என்று கூடையோடு சுற்றுகிறவள். அவள் தெருவுக்குள் நுழைவதற்கு முன்பே அவள் குரல் நுழைந்துவிடும். அன்று கடை வாசலில் கூடையை இறக்கிவைத்துவிட்டு, காய்ந்துகொண்டிருந்த பேனரைப் பார்த்தாள்.

"இன்னா நைனா, இவரு யாரு?"

"ரிட்டயர்டு வாத்தியாருக்கா. பாசத்தின் சிகரம்."

"போன வாரம் ஒருத்தன் பூட்டானே, குட்ச்சிட்டு நடுரோட்டுல பொண்டாட்டிய போட்டு அட்ச்சிகினு இருப்பான், அவன்?"

தவ்ஃபீக் தலையைச் சொறிந்தான். "அவரும்தான்."

"மலையே இல்லாத ஊர்ல எத்தினி சிகரம்டா கீது? நாளிக்கு நா பூட்டா எனக்கும் இதையேதான தொங்கவுடுவ?"

"நீ இன்னாத்துக்குக்கா சாவற?"

"ஐய, எனுக்கு மட்டும் எவனா தனியா எழுதிக் குட்த்துக்கீறானா?" என்றவள் கொஞ்சம் குரலை இறக்கினாள். கோவிந்தம்மா குரல் இறங்கி தவ்ஃபீக் அதற்கு முன் கேட்டதில்லை. "எனுக்கு இன்னா புள்ளையா குட்டியா? என்ன தூக்கறதுக்கு நாலு பேரு வரணும்னா உன் பேனர பாத்துதான்டா வரணும். நா மீன் போடாத தெரு கீதா? அவங்க அல்லாரும் 'அய்யோ, நம்ம கோவிந்தம்மாடா'ன்னு ஓடியாரணும். சிகரம் கிகரம்னு போட்டா எவன் கண்டுபுடிப்பான் நாந்தான்னு? என்ன மாரி எழுது. எழுதி, நா உசுரோட கீறப்பவே படிச்சிக் காட்டு."

ஆதார் அட்டைக்கு எடுத்ததைவிட நல்லதாக ஒரு போட்டோவையும் கொடுத்துவிட்டுப் போனாள்.

தவ்ஃபீக் வாழ்க்கையிலேயே முதல் முறையாக ஒரு மனுஷியைப் பற்றி யோசித்து எழுத உட்கார்ந்தான். "கோவிந்தம்மா அவர்கள்" என்று எழுதினான். அதற்கு மேல் கை தானாக இமயத்துக்குப் போயிற்று. எழுதத் தெரியவில்லையே என்று அவனுக்கு அவமானமாகிவிட்டது. அப்போதுதான் சுவரோரம் சுருட்டி வைத்திருந்த ஒரு பேனர் கண்ணில் பட்டது. "எழுதத் தவிக்கிறீர்களா? தேர்ந்த எழுத்தாளர்களின் அறிவுரைகள் வழியே உங்களைச் செதுக்குகிறோம். வடசென்னை எழுத்து வழிகாட்டுப் பேரவை, திருவொற்றியூர்." டெலிவரி எடுக்க ஆள் வராமல் கிடந்தது.

"நம்ம அட்ச்ச பேனர நம்மளே நம்புனா எப்டிங்க?" என்றாள் நவ்ரீன்.

அவன் நம்பினான்.

பேரவை ஒரு டயர் கடையின் மாடியில் இருந்தது. உள்ளே நுழைந்ததும் இரண்டு பலகைகள். ஒன்று, "காலணிகளை வெளியே விடவும்." இன்னொன்று, "மண்டபத்துக்குள் எழுதுதல் கண்டிப்பாகத் தடை." சுவர் முழுக்கக் கண்ணாடிச் சட்டத்துக்குள் அறிவுரைகள். அதிகாலையில் எழுது என்று ஓர் எழுத்தாளர் சொல்லியிருந்தார். ஊர் அடங்கிய பின் எழுது என்று அவருக்குப் பக்கத்துச் சட்டத்துக்காரர். தினமும் எழுது, உள்ளே முட்டினாலொழிய எழுதாதே, ஐம்பது வயதுக்கு முன் எழுதாதே, ஐம்பது வயதுக்குப் பின் எழுதி என்ன பயன் என்று வரிசையாக இருந்தது. எதைப் பின்பற்றுவது என்று கேட்டதற்குச் செயலாளர் கருணாகரன், "எல்லாவற்றையும்" என்றார்.

எழுத உட்காரும் முன் ஜன்னல் வழியே ஒரு மலையைப் பத்து நிமிடம் பார்க்க வேண்டும் என்பது ஒரு பேரெழுத்தாளரின் அறிவுரை. பேரவையின் ஜன்னலில் கன்டெய்னர் யார்டுதான் தெரிந்தது. அடுக்கி வைத்த கன்டெய்னர்களை மலை எனக் கொள்வது என்று பேரவை ஏகமனதாகத் தீர்மானம் போட்டிருந்தது. கிரேன் வந்து மலையின் உச்சியைத் தூக்கி லாரியில் வைக்கும்போது உறுப்பினர்கள் கண்களை மூடிக்கொள்ள வேண்டும்.

தலைவர் வேதமாணிக்கம் தென்மாவட்டத்திலிருந்து வந்து தண்டையார்பேட்டையில் மொத்த வியாபாரம் செய்யும் குடும்பத்துக்காரர். கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு இலக்கியத்துக்கு வந்துவிட்டார். கடைக்கு அது நல்லதாகப் போயிற்று. "எழுதுவது எப்படி" என்பதில் தொடங்கி "எழுதாமல் இருப்பது எப்படி" வரை பதினாறு நூல்கள் அவருடையவை. புதிய உறுப்பினர் சேரும்போது அவர் ஒரு தொடக்கவுரை ஆற்றுவது மரபு.

"நண்பர்களே, 'ஐயா, நீங்கள் ஏன் ஒரு கதைகூட எழுதவில்லை' என்று பொறாமைக்காரர்கள் கேட்கிறார்கள். நான் கேட்கிறேன், எழுதியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அது நன்றாக இல்லை என்று நாலு பேர் சொல்லியிருப்பார்கள். அப்புறம் என் அறிவுரையை யார் கேட்பார்கள்? உங்களுக்காகத்தான் நான் எழுதவில்லை. இது தியாகம் இல்லையா?"

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. தவ்ஃபீக்கும் தட்டினான். தட்டி முடித்ததும் எழுந்து, "சார், எனுக்கு ஒரே ஒரு பேனருக்கு எழுதணும். அத மட்டும் சொல்லிக் குட்த்தீங்கன்னா போதும்" என்றான்.

மண்டபமே திரும்பிப் பார்த்தது. "எழுதணுமா? இங்கேயா?" என்றார் கருணாகரன்.

பிறகு பொறுமையாக விளக்கினார்கள். பேரவையில் மூன்று நிலைகள். அறிவுரை வாசிப்போர், அறிவுரை ஒப்பிப்போர், எழுதத் தகுதியுடையோர். மூன்றாம் நிலைக்கு வந்தவர் இதுவரை ஒருவர். அவர் இப்போது சவூதியில், தம்மாமில் ஏசி மெக்கானிக்காக இருக்கிறார், நன்றாகவே இருக்கிறார் என்று சொன்னார்கள்.

தவ்ஃபீக் வாசித்தான். டீக்கடையில் வாசித்தான், பேனர் காய்கிற நேரத்தில் வாசித்தான். ஒரு மேதை நின்றுகொண்டே எழுதுவாராம் என்று படித்துவிட்டு, கடையில் இருந்த ஒரே நாற்காலியை மாடிக்குத் தூக்கிப் போனான். நாற்காலி நவ்ரீனுடையது. சண்டை வந்தது. அந்தச் சண்டையையும் அவன் உற்றுக் கவனித்தான், ஏனென்றால் வாழ்க்கையை உற்றுக் கவனி என்று இன்னொரு மேதை சொல்லியிருந்தார். "இன்னா நீ அப்டி பாக்குற? சேர எட்த்தா!" என்றாள் நவ்ரீன். அவள் அவனை 'நீ' என்றது கல்யாணத்துக்கு அப்புறம் அதுதான் முதல் முறை.

இவ்வளவுக்கும் நடுவில், பேரவைக்குத் தெரியாமல், அவன் கோவிந்தம்மாவைப் பற்றி எழுதியும்விட்டான். ஒரு நாள் மழையில் வேலை இல்லை. பில் புத்தகத்தின் பின்பக்கத்தில், யோசிக்காமல் எழுதினான். மறுநாள் அவளைக் கூப்பிட்டுப் படித்துக் காட்டினான்.

"நம்ம மீன்கார கோவிந்தம்மா பூட்டாங்க. எடையில யாரையும் ஏமாத்துனது இல்ல. வாயில யாரையும் சும்மா வுட்டது இல்ல. நாளைக்கு நம்ம தெருவுல அந்தச் சத்தம் கேக்காது. வாங்க, எல்லாருமா சேந்து அனுப்பி வெப்போம்." அதற்குக் கீழே வீடு, தெரு, எடுக்கும் நேரத்துக்குக் காலி இடம்.

கோவிந்தம்மா சிரித்தாள். சிரிப்பு நடுவிலேயே வேறாகிப் போய், முந்தானையால் மூக்கைச் சிந்தினாள். "இதான்டா நானு. வாயில சும்மா வுட்டது இல்ல, அது கரீட்டு. இப்டியே போட்டுடு நைனா. இனிமே நா எப்ப வோணா சாவலாம்." ஒரு கூறு நெத்திலியை எடுத்து நவ்ரீன் கையில் திணித்தாள்.

கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். ஆனால் தவ்ஃபீக் அதற்குள் அறிவுரை நூல்கள் நிறையப் படித்திருந்தான். 'முதல் வடிவத்தை நம்பாதே' என்பது எல்லா மேதைகளும் ஒத்துப்போகிற ஒரே விஷயம். ஒரு மழை நாளில் சும்மா எழுதியது எப்படி நன்றாக இருக்க முடியும்? தாளை எடுத்துக்கொண்டு பேரவைக்குப் போனான்.

அனுமதியில்லாமல் எழுதியதற்கு வருத்தம் தெரிவித்த பிறகு, திருத்தக் குழு கூடியது. குழு என்றால் வேதமாணிக்கமும் கருணாகரனும், ஓரத்தில் தூங்கிக்கொண்டிருந்த பொருளாளரும்.

"மீன்கார என்பது என்ன? பெயரடை" என்று தொடங்கினார் கருணாகரன். "பெயரடையைக் கண்டால் அடி என்று மூன்றாம் சட்டத்தில் இருக்கிறது." அடித்தார்.

"பூட்டாங்க" என்று படித்துவிட்டு வேதமாணிக்கம் முகம் சுளித்தார். "செத்துவிட்டார் என்று இவ்வளவு வெளிப்படையாகச் சொல்லலாமா? சொல்லாதே, காட்டு. அரிச்சுவடியே இதுதானே?"

"சார், சாவு பேனரு சார் இது."

"அதனால்தான் தம்பி! சாவு பேனரில் சாவைச் சொல்வது எவ்வளவு மலிவான உத்தி!"

எடை போனது, வாய் போனது. இரண்டும் நேரடியான பாராட்டு, பாராட்டு எழுத்தின் எதிரி. பிறகு பெயருக்கு வந்தார்கள். "கோவிந்தம்மா என்று இருந்தால் இது ஒரு கோவிந்தம்மாவின் கதை. எடுத்துவிட்டால் மானுடத்தின் கதை" என்றார் வேதமாணிக்கம். தவ்ஃபீக்குக்குப் புல்லரித்தது. நம்ம கோவிந்தம்மா மானுடமா என்று கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. போட்டோவையும் எடுத்தார்கள், முகத்தைக் காட்டிவிட்டால் வாசகனின் கற்பனைக்கு என்ன வேலை?

கடைசியாக வீடு, தெரு, நேரம். "எழுதி முடித்ததும் கடைசிப் பத்தியைக் கிழித்துப் போடு, அது எப்போதும் தேவையற்றதே, என்பது ஒரு பேராசானின் வாக்கு" என்றார் கருணாகரன்.

"சார், டைமு இல்லன்னா ஜனங்க எப்டி சார் வருவாங்க?"

"அது தகவல். தகவல் வேண்டுமென்றால் ரயில்வே அட்டவணை படிக்கட்டும்" என்றார் வேதமாணிக்கம்.

எல்லாம் போய் ஒரே ஒரு வரி மிஞ்சியது. அதையும் கொஞ்சம் சுத்தம் செய்தார்கள்.

"நாளை அந்தச் சத்தம் கேட்காது."

வேதமாணிக்கமும் கருணாகரனும் எழுந்து நின்றார்கள். பொருளாளரை எழுப்பி நிற்க வைத்தார்கள். பேரவையின் வரலாற்றில் ஓர் உறுப்பினர் எழுதிய முதல் வரி அது.

தவ்ஃபீக் ஓடிவந்து கோவிந்தம்மாவுக்குப் படித்துக் காட்டினான். அவள் மிச்சத்துக்காகக் காத்திருந்தாள்.

"அவ்ளோதாங்க்கா."

"இன்னா சத்தம்?"

"உன் சத்தம்தான்க்கா."

"இதுல நா எங்கடா கீறேன்?"

"நேரா சொல்லக் கூடாதுக்கா. வாசகருங்க கண்டுபுடிப்பாங்க."

"நா இன்னா காணாம பூட்டனா, கண்டுபுடிக்கறதுக்கு? அன்னிக்கி படிச்சது நல்லா இருந்துச்சே நைனா. அதுல நா இருந்தன்." கூடையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டாள். தூக்கிவிட வந்த தவ்ஃபீக்கின் கையைத் தட்டிவிட்டாள். அன்று அவள் தெருவைத் தாண்டிப் போகும்வரை மீன், மீன் என்று ஒரு சத்தமும் இல்லை.

அந்த மாதமே கோவிந்தம்மா செத்துப்போனாள். மீன் ஏலத்தில் ஒருவனோடு வாய்ச்சண்டை போட்டுக்கொண்டிருந்தவள் பாதியில் உட்கார்ந்தாள், அப்படியே சாய்ந்தாள். சண்டையில் அவள்தான் ஜெயித்துக்கொண்டிருந்தாளாம்.

கடையில் நவ்ரீன் கம்ப்யூட்டரைத் திறந்துவைத்துக்கொண்டு அழுதாள். "பஸ்ட்டு எழுதுனத போடுங்க. அது அக்காவுக்குப் புட்ச்சிது."

தவ்ஃபீக்கும் அழுதுகொண்டுதான் இருந்தான். அவளுக்கென்று ஊரிலேயே உசத்தியானதைச் செய்ய வேண்டும் என்று அவன் மனசு கிடந்து அடித்துக்கொண்டது. பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் எழுதியதை எப்படிப் போடுவது? படித்தவர்கள் எழுந்து நின்ற வரி ஒன்று கையில் இருக்கிறதே. "அவங்களுக்கு நல்லதா செய்யணும் நவ்ரீன்" என்றான். கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்தாக, "நாளை அந்தச் சத்தம் கேட்காது" என்று மட்டும் அடித்து, காத்திவாக்கம் முதல் எம்.கே.பி. நகர் வரை முனைக்கு முனை கட்டச் சொல்லிவிட்டு, சாவு வீட்டுக்குப் போனான். மாலை நாலு மணிக்கு எடுப்பதாகப் பேச்சு.

கொஞ்ச நேரத்தில் போன் வர ஆரம்பித்தது. பேனரின் அடியில் வழக்கம்போலக் கடையின் நம்பர் இருந்தது.

"பாஸ், சத்தம் வராத ஜெனரேட்டரா? எத்தினி கேவி?"

அடுத்தவர் பைக் சைலன்சர் விலை கேட்டார். ஒரு அம்மா, காதை அடைக்கிற மிஷின்தானே என்று கேட்டு, மாமியாருக்கு வேண்டாம், எனக்குத்தான் என்றாள். காத்திவாக்கத்தில் எதிரே இரவும் பகலும் உறுமிக்கொண்டிருக்கும் கம்பெனியை மூடப் போகிறார்கள் என்று புரிந்துகொண்டு, பேனருக்குக் கீழேயே சரவெடி கொளுத்திவிட்டார்கள். பேனர் போட்டோ வாட்ஸப்பில் சுற்றியது. "சூப்பர் தலைவா", "வெயிட்டிங்" என்று பதில்கள் வந்தன.

மூன்றரை மணிக்கு கோவிந்தம்மா வீட்டு வாசலில் அக்கம்பக்கத்து ஆட்கள் மட்டும் இருந்தார்கள். மேளக்காரர்கள் நாலு பேர் தனி. அவர்களில் ஒருவன் தவ்ஃபீக்கிடம் வந்து, "ஜனம் அவ்ளோதானா மாமு? அப்ப எட்த்துடலாமா?" என்று கேட்டான்.

தவ்ஃபீக் உள்ளே பார்த்தான். பெஞ்சில் கிடத்தியிருந்தார்கள். தாடையைச் சேர்த்துத் துணியால் கட்டியிருந்தார்கள். அந்த வாயைக் கட்ட ஒரு துணி போதும் என்று யார் நினைத்திருப்பார்கள்? கல்மண்டபமே ஓடிவர வேண்டும் என்று ஆசைப்பட்டவளை, ஒருவருக்கும் தெரியாமல் மறைத்து வைத்துவிட்டோமே என்று மாரில் அடித்துக்கொண்டான்.

"அரை மணி நேரம் தூக்காதீங்க" என்று சொல்லிவிட்டு ஓடினான். கடைத் திறப்புக்கெல்லாம் விளம்பரம் சொல்கிற மைக் ஆட்டோ ஒன்று கல்மண்டபம் ஸ்டாண்டில் நின்றது. ஏறினான். "அன்பார்ந்த பொதுமக்களே" என்று ஆரம்பித்தான். மேலே வரவில்லை. அப்புறம் தானாக வந்தது.

"யோவ்! நம்ம மீன்கார கோவிந்தம்மா பூட்டாங்கய்யா! நம்ம கோவிந்தம்மா! எடையில யாரையும் ஏமாத்துனது இல்ல, வாயில யாரையும் சும்மா வுட்டது இல்ல, அந்தக் கோவிந்தம்மா! நாலு மணிக்கு எடுக்கறாங்க. கறுப்பா தொங்குதே பேனரு, அது ஜெனரேட்டரு இல்ல, கோவிந்தம்மா! வூட்டாண்ட வாங்க, எல்லாரும் வாங்க!"

முதல் தெருவிலேயே ஒரு ஜன்னல் திறந்தது. "அய்யோ, நம்ம கோவிந்தம்மாவா!" என்று ஒரு அம்மா கரண்டியோடு வெளியே வந்தாள். அடுத்த தெருவில் கடையைப் பாதி இறக்கிவிட்டு ஒருவர் கிளம்பினார். திருவொற்றியூரிலிருந்து ஷேர் ஆட்டோவில் தொங்கிக்கொண்டு வந்தார்கள். அவளிடம் திட்டு வாங்காத ஆளே அந்தக் கூட்டத்தில் இல்லை. ஒவ்வொருவரும் தான் வாங்கிய திட்டை அடுத்தவரிடம் சொல்லிச் சொல்லி அழுதார்கள். காத்திவாக்கத்துக்காரர்கள் மிச்சமிருந்த சரவெடியைக் கொண்டுவந்து இங்கே கொளுத்தினார்கள். விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் எடுக்க முடிந்தது. தோள் கொடுக்க அடிதடி நடந்தது.

பேரவையிலிருந்து வேதமாணிக்கமும் கருணாகரனும் வாசகர்களின் எதிர்வினையை அறிய வந்திருந்தார்கள். கூட்டத்தில் இடிபட்டுக்கொண்டே கருணாகரன், "சொல்லிவிட்டானே ஐயா, எல்லாவற்றையும் மைக்கில் சொல்லிவிட்டானே" என்று தலையில் அடித்துக்கொண்டார். பார்த்தவர்கள் அவரையும் கோவிந்தம்மாவின் சொந்தம் என்று நினைத்து, சோடா வாங்கிக் கொடுத்தார்கள்.

அடுத்த கூட்டத்திலேயே தீர்மானம் நிறைவேறியது. காட்ட வேண்டியதைச் சொன்ன குற்றத்துக்காக தவ்ஃபீக் பேரவையிலிருந்து நீக்கப்படுகிறான். அவனுடைய வரி மட்டும் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டப்படுகிறது. அடியில், "திருத்தம்: வேதமாணிக்கம்."

சில நாள் கழித்து வேதமாணிக்கம் தனியாகக் கடைக்கு வந்தார். ரோட்டை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு உள்ளே நுழைந்தார். உட்கார நாற்காலி இருந்தது, நவ்ரீன் அதை மீட்டிருந்தாள். அவருக்குத் தரவில்லை.

"தம்பி, அன்றைக்கு அந்த அம்மாவுக்கு என்ன கூட்டம்!" என்று ஆரம்பித்துக் கொஞ்சம் இழுத்தார். "எனக்கும் வயதாகிறது. முன்கூட்டியே ஒன்று தயார் செய்து வைத்துவிட்டால் நல்லது."

"இன்னா சார் போடணும்? நாளை அந்த அறிவுரை கேக்காது, அவ்ளோ போதுமா?"

"விளையாடாதே. போட்டோ வேண்டும், பெரிதாக. பெயர் அதைவிடப் பெரிதாக. பதினாறு நூல்களின் பட்டியல். வீடு, தெரு, எடுக்கும் நேரம், அதை மேலே ஒரு தடவை, கீழே ஒரு தடவை போடு. ஆட்கள் தவறவிட்டுவிடக் கூடாது பார்."

"அதெல்லாம் தகவலாச்சே சார்?"

"அந்த அறிவுரை எல்லாம் எழுத்துக்கு, தம்பி. இது எனக்கு."

தவ்ஃபீக் அவரைப் பார்த்தான். கோபம் வரும் என்றுதான் நினைத்திருந்தான். வேர்த்து நின்ற மனிதரைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது. "செரி சார். கோவிந்தம்மாக்காவுக்கு பஸ்ட்டு எழுதுன மாரியே, நீங்க எப்டியோ அப்டியே எழுதிடறன். உள்ளத உள்ளபடி."

வேதமாணிக்கத்தின் முகம் வெளுத்தது. "உள்ளதையா? ஐயையோ, அதெல்லாம் வேண்டாம். உன்னிடம் பழையது ஒன்று இருந்ததே, சிகரம், இமயம் என்று. அதையே போடு."

நவ்ரீன் பழைய ஃபைல்களில் கைக்கு வந்த ஒன்றைத் திறந்தாள். குடித்துவிட்டுப் பெண்டாட்டியை அடித்தவனின் பெயர் அதில் இன்னும் இருந்தது. அதை அழித்துவிட்டு, "இனிஷியல் இன்னா சார்?" என்று கேட்டாள்.